பத்து ஸ்டோன் கணக்கு: பிரிட்டிஷ் குதிரைப் பந்தய ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரிட்டிஷ் ஹார்ஸ்ரேசிங் அத்தாரிட்டி பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

தடை தாண்டும் பந்தயங்களில் குதிரைகள் சுமக்க வேண்டிய குறைந்தபட்ச எடையை இன்னும் உயர்த்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். குதிரைக்காக அல்ல, அதன் முதுகில் ஏறுகிறவர்களுக்காகக் கேட்கிறேன்.

நான் யார் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் வாழும் தமிழ்ப் பெண். உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். குதிரை ஏறத் தெரியாது. பந்தயத்தில் பணம் கட்டுவதும் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ‘ரேஸ்’ என்றாலே வீட்டையும் நகையையும் தோற்ற யாரோ ஒரு சித்தப்பாவின் கதைதான் முதலில் வரும். கிண்டி ரேஸ் சூதா, திறமையா என்ற வழக்கே உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல்தான் திறமை என்று முடிவானது. அதுவும் சமதரை ஓட்டம். நாலரை அடி உயர வேலியை நோக்கி அரை டன் குதிரை பாய்ந்து வர, அதன் கழுத்தோரம் ஒட்டிக்கொண்டு ஒருவர் பறப்பதை நான் இங்கே வந்துதான் பார்த்தேன். பார்த்த பிறகு விட முடியவில்லை. லட்லோவிலோ வூஸ்டரிலோ வேலைநாளில் பந்தயம் இருந்து, எனக்கும் விடுப்பு இருந்தால் போய்விடுவேன். இதன் ஆங்கிலப் படி உங்களுக்குத் தனியாக வரும். தமிழில் எழுதுவது, ஏப்ரல் மாதம் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை மட்டும் டிவியில் பார்த்துவிட்டு “விழுந்தாண்டா!” என்று கத்தும் என் சொந்தக்காரர்களும் படிக்கட்டும் என்று.

தடை தாண்டும் பந்தயக் குதிரையோட்டி, அதாவது ஜாக்கி, ஏ.பி. மெக்காயைப் பற்றி உங்களிடம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஆனாலும் சொல்கிறேன். எடைப் பிரச்சினையை அவர் வாழ்க்கையை வைத்துப் பேசுவதுதான் சுலபம்.

மெக்காய் 1974இல் வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தார். பதினைந்து வயதில் குதிரைப் பயிற்சியாளர் ஜிம் போல்ஜரின் லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சமதரை ஜாக்கியாக வேண்டும் என்பதுதான் அப்போதைய எண்ணம். 1992 மார்ச்சில் தர்ல்ஸ் மைதானத்தில் லீகல் ஸ்டெப்ஸ் என்ற குதிரையில் முதல் வெற்றி. மறு ஆண்டு ஜனவரியில் பயிற்சி ஓட்டத்தில் விழுந்து கால் முறிந்தது. மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தார். எழுந்து நடக்கும்போது ஆள் வளர்ந்திருந்தார், எடையும் கூடியிருந்தது. சமதரை ஓட்டத்தின் எடைகளுக்கு இனி இறங்கவே முடியாது என்று ஆனபோது தடை தாண்டும் பந்தயத்துக்கு வந்தார். கடைசியில் அவர் உயரம் 5 அடி 10 அங்குலம்.

1994இல் இங்கிலாந்துக்கு வந்து பயிற்சியாளர் டோபி பால்டிங்கிடம் சேர்ந்தார். முதல் சீசனிலேயே 74 வெற்றிகள். பயிற்சி நிலை ஜாக்கிகளில் அதற்கு முன் யாரும் அவ்வளவு வென்றதில்லை. 1995–96 முதல் 2014–15 வரை இருபது சீசனும் சாம்பியன் பட்டம் அவருக்குத்தான். 2001–02 சீசனில் 289 வெற்றிகள் பெற்று, சமதரையில் கோர்டன் ரிச்சர்ட்ஸ் 1947இல் வைத்த 269 என்ற எண்ணைத் தாண்டினார். 2002 ஆகஸ்டில் தடை தாண்டும் ஜாக்கி ரிச்சர்ட் டன்வுடியின் 1,699 மொத்த வெற்றிகள் என்ற கணக்கையும் தாண்டினார். 2008 ஜனவரியில் வார்விக்கில் விழுந்து முதுகெலும்பு முறிந்தவர், மார்ச் மாத செல்டன்ஹாம் பந்தய விழாவுக்கு மறுபடி சேணத்தில் இருந்தார். பதினைந்தாவது முயற்சியில் 2010இல் கிராண்ட் நேஷனல். அதே ஆண்டு பிபிசியின் சிறந்த விளையாட்டு வீரர் விருது. அதற்கு முன் எந்த ஜாக்கிக்கும் அது கிடைத்ததில்லை. 2013 நவம்பரில் டௌசெஸ்டரில் நாலாயிரமாவது வெற்றி. 2015 ஏப்ரல் 25 அன்று சான்டௌனில் விடைபெற்றார். மறு ஆண்டு ‘சர்’ பட்டம்.

இந்தப் பெருமையை எல்லோரும் பாடுகிறார்கள். எனக்கு, என் தொழில் புத்தியால், கண் போவது அவர் வீட்டுக் குளியல் தொட்டி மேல். தோல் பொறுக்கும் கடைசி எல்லை வரை சூடான வெந்நீரில் கிடந்து வியர்த்து எடை இறக்கியதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுக்குப் பதில் சர்க்கரைத் தேநீரும் ஜெல்லி மிட்டாயும். இப்படி ஒரு வாரம் இருந்தால் என்னிடம் வருகிறவர்களை நான் மருத்துவரிடம் அனுப்பிவைப்பேன். அவர் இருபது வருடம் இருந்தார்.

அவர் தாங்கினார் என்பது உண்மை. அதனால் மற்றவர்களும் தாங்குவார்கள் என்று அர்த்தமில்லை. தாங்க முடியாமல் இருபத்திரண்டு வயதில் தொழிலை விட்டு லாரி ஓட்டப் போனவனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மெக்காய் வென்ற அந்த ஒரே நேஷனலில் அவர் குதிரை டோன்ட் புஷ் இட் சுமந்தது 11 ஸ்டோன் 5 ராத்தல் (ஒரு ஸ்டோன் 14 ராத்தல்), அதாவது 72 கிலோ. செல்டன்ஹாம் கோல்டு கப்பில் குதிரைகளுக்கு 11 ஸ்டோன் 10 ராத்தல், 74 கிலோவுக்கும் மேல். பெரிய பந்தயங்களில் எடை பெரும்பாலும் யாரையும் பட்டினி போடுவதில்லை. கண்ணாடிக் கூடங்களும் தொப்பி போட்ட சீமாட்டிகளும் கேமராக்களும் இருக்கும் நாட்களில் ஜாக்கி வயிறாரக் காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வரலாம். வதை நடப்பது செவ்வாய்க்கிழமைகளில். மழையில் நனைந்த ஏதோ ஒரு சிறு மைதானத்தில், பரிசுப் பணம் சில ஆயிரங்களைத் தாண்டாத ஹேண்டிகேப் பந்தயத்தில், எடை அட்டவணையின் அடியில் நிற்கும் குதிரையின் மேல்.

என் சொந்தக்காரர்களுக்காக ஒரு விளக்கம். ஹேண்டிகேப் என்றால் நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. எல்லாம் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பது கணக்கு. அந்த எடை ஜாக்கியின் உடம்பு மட்டுமல்ல. சேணமும் அதன் அடியில் போடும் துணியும் அதில் அடக்கம். தலைக்கவசத்தை எடை போடுவதில்லை. ஒரு காலத்தில் அடிமட்டம் 10 ஸ்டோன், அதாவது 63 கிலோ 500 கிராம். பின்னர் அதற்கு இரண்டு ராத்தல் கூட்டினீர்கள். அட்டவணையின் அடியில் நிற்கும் குதிரை யாருக்குக் கிடைக்கும்? பேர்பெற்ற ஜாக்கிக்கு மேலே உள்ள குதிரைகளில் தேர்ந்தெடுக்க வசதி உண்டு. குதிரை உரிமையாளர் ஜே.பி. மெக்மேனஸின் குதிரைகளுக்கு ஒப்பந்த ஜாக்கியாக இருந்த மெக்காய்க்கும் அந்த வசதி இருந்தது. பட்டினி கிடந்தாவது ஏறித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவனுக்குத்தான் அடி எடை போய்ச் சேரும்.

அதிலும் மோசம், பயிற்சி நிலைப் பையன்களின் நிலை. அனுபவம் குறைவு என்பதற்காக அவர்களுக்கு எடையில் கழிவுச் சலுகை தருகிறீர்கள்: இருபது வெற்றி வரை 7 ராத்தல், நாற்பது வரை 5, எழுபத்தைந்து வரை 3. நல்ல ஏற்பாடு, பயிற்சியாளர்கள் புதியவர்களுக்கு வாய்ப்புத் தர இதுவே காரணம். ஆனால் அந்தச் சலுகை பலிக்க வேண்டுமென்றால் பையன் அந்த எடைக்கு இறங்க வேண்டும். 10 ஸ்டோன் 2 ராத்தல் குதிரையில் 7 ராத்தல் சலுகையைக் கழித்தால் 9 ஸ்டோன் 9 ராத்தல். சேணத்தோடு சேர்த்து 61 கிலோ சொச்சம். இன்னும் உயரம் நிற்காத, தோள் விரிந்துகொண்டிருக்கும் பத்தொன்பது வயதுப் பையனிடம் கேட்கிறோம் இதை. உங்கள் விதிகளிலேயே மிகக் குறைந்த எடை, வளர்கிற உடம்பின் மேல்தான் விழுகிறது.

அப்படி ஒரு பையனை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். பந்தயம் முடிந்து சேணத்தைக் கழற்றி இடுப்போடு அணைத்துக்கொண்டு மறுபடி எடை போடப் போனான். நான்காவதாக வந்திருந்தான், அதுவரை பரிசு இருந்தது. கன்னத்தில் சேறு. அந்தச் சேற்றுக்குக் கீழே கன்ன எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. உதட்டோரம் வெடித்திருந்தது. லாயத்துப் பெண் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஒரு வாய் வாங்கினான். விழுங்கவில்லை. கொப்பளித்து, வேலியோரம் துப்பினான். அடுத்த பந்தயத்தில் அவனுக்கு இன்னும் இலேசான குதிரை.

உடம்பில் நீர் வற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நான் சாட்சி சொல்லத் தேவையில்லை. எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் இறங்கினாலே தளர்ச்சி தெரியும், கவனம் சிதறும். மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் வரும் குதிரை, வேலிக்கு முன் ஒரு எட்டைக் கூட்டுமா குறைக்குமா என்று அந்தக் கணத்தில் தீர்மானிக்க வேண்டியவருக்கு அந்தக் கவனம்தான் முதல். சத்தில்லாமல் வருடக்கணக்கில் இருந்தால் எலும்பு அடர்த்தி குறைகிறது. அயர்லாந்திலும் பிரிட்டனிலும் ஜாக்கிகளைச் சோதித்த ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பதினைந்து இருபது சவாரிக்கு ஒரு முறை விழுவதே வாடிக்கையாக இருக்கும் தொழிலில், எலும்பை இளக்கிவிட்டு ஆளை அனுப்புகிறோம்.

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. மைதானங்களில் இருந்த நீராவி அறைகளைக் கொரோனா காலத்தில் மூடினீர்கள், 2021இல் அவை இனித் திறக்கா என்று அறிவித்தீர்கள். துணிச்சலான முடிவுதான். லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பட்டினியும் வியர்வையும் இல்லாமல் சிறு சிறு வேளைச் சாப்பாட்டிலேயே எடையைக் காக்க முடியும் என்று ஜாக்கிகளுக்குக் காட்டி வருகிறார்கள். என் துறைக்காரி என்ற முறையில் அவர்களுக்குக் கைதட்டுகிறேன். ஆனால் சாப்பாட்டு ஒழுங்கு ஓரளவுதான் செய்யும். 5 அடி 10 அங்குல உடம்பை எந்தக் கீரையும் பயறும் 61 கிலோவில் ஆரோக்கியமாக வைத்திருக்காது. நீராவி அறையைப் பூட்டியாயிற்று, எடை அங்கேயே நிற்கிறது. அப்போது வியர்வை எங்கே போகும்? வீட்டுக் குளியலறைக்குப் போகும். ஹீட்டரை முழுக்கத் திருப்பிவிட்டு, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, மோட்டார்வேயில் இருநூறு மைல் ஓட்டி வரும் காருக்குள் போகும். மைதானத்தில் இருந்தவரை பக்கத்திலேயே மருத்துவராவது இருந்தார்.

குதிரைகளுக்குப் பாரமாகுமே என்பார்கள். கால் நரம்பு போகும் என்பார்கள். அப்படியானால் ஹன்டர் சேஸ் பந்தயங்களில் தொழில்முறை சாராத சவாரிக்காரர்களைச் சுமந்து 12 ஸ்டோனோடு மூன்று மைலுக்கு மேல் ஓடும் குதிரைகள் எந்த இனம்? அவற்றில் பல, நேற்றுவரை உங்கள் ஹேண்டிகேப்களில் ஓடியவைதான். அட்டவணையின் உச்சத்தைத் தொட வேண்டாம். அடியை மட்டும் உயர்த்தி இடைவெளியைச் சுருக்குங்கள். சுருக்கினால் நல்ல குதிரைக்குச் சாதகம் கூடும், பந்தயம் சமமாக இருக்காது என்று ஹேண்டிகேப் போடுகிறவர்கள் முணுமுணுப்பார்கள். தரத்தில் நெருங்கிய குதிரைகளை ஒரே பந்தயத்தில் சேர்க்கும்படி வகுப்புகளைக் குறுக்கினால் அந்தக் குறை தீரும். வேலை கூடும், ஒப்புக்கொள்கிறேன். மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலை அது.

இலேசான உடம்புக்காரர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இருக்கும் ஒரே சாதகமும் போய்விடும் என்று இன்னொரு வாதம். இதை நான் கொஞ்சம் யோசித்தேன், பெண் என்பதால். அயர்லாந்து ஜாக்கி ரேச்சல் பிளாக்மோர் 2021இல் மினெல்லா டைம்ஸ் என்ற குதிரையில் 10 ஸ்டோன் 3 ராத்தலில் கிராண்ட் நேஷனலை வென்றார், அந்தப் பந்தயத்தை வென்ற முதல் பெண். அது இலேசான எடை, சரி. மறு ஆண்டு ஆ ப்ளூ டார் என்ற குதிரையில் கோல்டு கப்பை வென்றபோது சுமந்தது 11 ஸ்டோன் 10 ராத்தல். ஈயத் தகடுகளைச் செருகித்தான் அந்த எடையை எட்டியிருப்பார். வெற்றி இடைவெளி பதினைந்து குதிரை நீளம். அவருக்குச் சாதகம் அவர் கைகளும் பொறுமையும். எடை இயந்திரம் அல்ல. 2025 மே மாதம் அவர் ஓய்வை அறிவித்தார்.

விழுவதைப் பற்றியும் நேர்மையாகப் பேசிவிடுகிறேன். 2025 பிப்ரவரியில் தர்ல்ஸில் விழுந்த ஜாக்கி மைக்கேல் ஓ’சல்லிவன் பத்து நாளில் இறந்தார். வயது இருபத்து நான்கு. விவசாய அறிவியல் படித்தவர். இரண்டு வருடம் முன்புதான் மரீன் நேஷனேல் குதிரையில் செல்டன்ஹாமின் தொடக்கப் பந்தயத்தை வென்றிருந்தார். அது அயர்லாந்து, உங்கள் ஆளுகை அல்ல. எடையால் நடந்ததென்று சொல்வதும் அபாண்டம். வேலி, வேகம், குதிரையின் ஒரு தப்பு எட்டு, அவ்வளவுதான். 1963இல் டிம் புருக்‌ஷாவும் 1964 நேஷனலில் பேடி ஃபாரலும் விழுந்து முடங்கிய பிறகு, காயமடைந்த ஜாக்கிகளுக்கான நிதியம் பிறந்தது. லாம்போர்னிலும் மால்டனிலும் நியூமார்க்கெட்டிலும் அவர்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்கள் அருமையானவை. குதிரைகளின் பின்னாலேயே ஆம்புலன்ஸ் ஓடும் விளையாட்டு இது. அந்த ஆபத்தை யாராலும் முழுதாக நீக்க முடியாது, ஜாக்கிகளும் கேட்பதில்லை. எடை அப்படியல்ல. அது குதிரையும் செய்யவில்லை, மண்ணும் மழையும் செய்யவில்லை. உங்கள் விதிப் புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கிறது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒரு சவாரிக்கு ஏறத்தாழ 200 பவுண்ட் கட்டணம். அதில் ஏஜென்ட்டுக்குப் பத்தில் ஒன்று, சேணமும் உடுப்பும் துடைத்துத் தரும் வேலட்டுக்கு ஒரு பங்கு, மீதியில் பெட்ரோல். இரண்டு சவாரிக்காக தொலைவில் உள்ள நியூட்டன் ஆபட் மைதானம் வரை போய் வரும் பையனிடம் “இலேசான குதிரையை மறுத்துவிடு” என்று புத்தி சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகவே கேட்பது இரண்டுதான். ஹேண்டிகேப் அடி எடையை 10 ஸ்டோன் 7 ராத்தலாக உயர்த்துங்கள். 66 கிலோ 700 கிராம் வரும். சலுகையைக் கழித்த பிறகும் எந்தப் பயிற்சி ஜாக்கியும் 10 ஸ்டோனுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு தரை போடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடியாவிட்டால் பையன்களிலிருந்து தொடங்குங்கள்.

அதுவும் முடியாது என்றால், குறைந்தபட்சம் ஒரு கணக்கை வெளியிடுங்கள். கடந்த சீசனில் 10 ஸ்டோன் 7 ராத்தலுக்குக் கீழே ஓடிய குதிரைகள் எத்தனை, அவற்றில் ஏறியவர்களின் வயது என்ன, உயரம் என்ன, அந்த ஆண்டு அவர்களுக்கு எத்தனை முறிவு. எடை அறையில் ஒவ்வொருவரையும் பந்தயத்துக்கு முன் எடை போட்டுத்தான் அனுப்புகிறீர்கள். மருத்துவப் புத்தகமும் உங்களிடம்தான் இருக்கிறது. பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும்.

பதிலை ஆங்கிலத்திலேயே எழுதலாம், தமிழில் போட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வூஸ்டர் பக்கத்திலிருந்து ஒரு பந்தய ரசிகை